கடல் கணக்கில் கொஞ்சம் ஷார்ட்டேஜ்

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே மைசூரில் ஒரு நண்பர் வீட்டில் நம்ம ஊர்க் குடும்பங்கள் நாலைந்து கூடியிருந்தோம். புளியோதரை, தயிர்சாதம், வழக்கம்போல அரசியல். அப்புறம் பேச்சு வெயிலுக்குத் தாவியது. "ஃபேன் இல்லாமத் தூங்கின ஊர் சார் இது" என்று ஒருவர் பெருமூச்சு விட்டார். இன்னொருவர் விடவில்லை. "கார்பன், புவி வெப்பம் எல்லாம் சும்மா சார். கடல் எவ்வளவு கார்பனை இழுக்குதுங்கிற கணக்கையே நடுநடுவுல மாத்துறாங்க. கணக்குத் தெரியாதவங்களை எப்படி நம்புறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பி.காம். படித்துவிட்டு பேங்கில் குப்பை கொட்டுபவன் வேறென்ன செய்ய? ஆனால் எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. வீடு திரும்பும்போது அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே வந்தது. மாற்றிய கணக்கு பொய்க் கணக்கா? அதுதான் என் தொழிலாச்சே! உட்கார்ந்து கொஞ்சம் படித்தேன். படித்ததை எனக்குத் தெரிந்த பேங்க் பாஷையில் சொல்கிறேன்.

நாம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் சுமார் கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. எவ்வளவு வேகமாக வாங்குகிறது என்று எப்படி அளப்பது? அந்த வாயுவையே பின்தொடர்வது கஷ்டம். தண்ணீரோடு வினைபுரியும், கடல் பாசிகள் தின்னும், மறுபடி வெளியே விடும். ஏகப்பட்ட வரவு செலவு உள்ள கணக்கு மாதிரி. அதனால் ஒரே வாசல் உள்ள வேறொரு வாயுவைப் பிடித்தார்கள். அதுதான் ரேடான்.

கடல்நீரில் இயற்கையாகவே துளியூண்டு ரேடியம் கரைந்திருக்கிறது. அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். அதாவது அசையாத ஃபிக்சட் டெபாசிட். அது சிதையும்போது பிறப்பது ரேடான் வாயு. இதன் அரை ஆயுள் 3.8 நாள்தான். டெபாசிட்டில் இருந்து தினமும் வட்டி வருகிறது, வந்த வேகத்தில் செலவாகிறது. ஆகவே அசல் தெரிந்தால் வட்டிக் கணக்கில் எவ்வளவு நிற்க வேண்டும் என்று பேப்பரில் போட்டுவிடலாம். நடு ஆழத்தில் கணக்கு சரியாக இருக்கிறது. மேல்மட்டத்தில், சில பத்து மீட்டர் ஆழம்வரை, ரேடான் குறைகிறது. ஷார்ட்டேஜ்!

கேஷ் கவுண்டரில் பணம் குறைந்தால் நாம் பத்து இடத்தில் தேட வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. ரேடான் எதோடும் வினைபுரியாது, எந்த மீனும் அதைத் தின்னாது. சிதைந்து போனது எவ்வளவு என்று தெரியும். மிச்சம் காற்றுக்குத்தான் போயிருக்க வேண்டும். இந்த வழியை 1965-ல் சொன்னவர் அமெரிக்காவின் வாலஸ் புரோக்கர் (2019-ல் காலமானார்). 1970-களில் ஜியோசெக்ஸ் என்ற ஆய்வுப் பயணங்களில் பல கடல்களில் அளந்து பார்த்தார்கள். சராசரி, நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 மீட்டர். அதாவது 3 மீட்டர் ஆழத் தண்ணீரில் உள்ள வாயு தினமும் காற்றோடு கைமாறுவதற்குச் சமம். அந்த வேகத்தைக் கார்பன் டை ஆக்சைடுக்கு ஏற்பத் திருத்திப் பயன்படுத்துகிறார்கள்.

ரேடான் சில நாள் கணக்கைத்தான் சொல்லும். நம்ம கன்கரண்ட் ஆடிட் மாதிரி. நீண்டகாலக் கணக்குக்கு இன்னொரு ஆடிட்டர் உண்டு: கார்பன்-14. விண்வெளிக் கதிர்கள் மேல்வானில் உருவாக்குவது, அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் அதன் அளவைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கின. அந்தக் கெட்ட காரியத்திலும் ஒரு பயன். கூடுதலாக வந்தது கடலுக்குள் எவ்வளவு இறங்கியது என்று தேடிப் போக முடிந்தது.

நம்ம கடலிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. ஜியோசெக்ஸ் கப்பல் 1977-78-ல் இந்தியப் பெருங்கடலில் அளந்தது. அகமதாபாத் பிசிக்கல் ரிசர்ச் லேபரட்டரியின் ரவி பூஷண், சோமயாஜுலு, சக்ரவர்த்தி, கிருஷ்ணஸ்வாமி ஆகியோர் 1990-களில் அரபிக்கடல் நீரை எடுத்து அளந்து, பழைய கணக்கோடு ஒப்பிட்டு, 2000-ல் வெளியிட்டார்கள்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருவோம். கணக்கை மாற்றினார்களா? மாற்றினார்கள். அணுகுண்டு கார்பன் கடலில் இவ்வளவு என்று முதலில் போட்ட மதிப்பு அதிகம் என்று பின்னால் தெரிந்தது. காற்றின் வேகத்தை வைத்து வாயு மாற்றத்தைக் கணக்கிட 1992-ல் ரிக் வானின்கோஃப் கொடுத்த சூத்திரம் உலகம் முழுக்கப் புழங்கியது. 2014-ல் அவரே அதைத் திருத்தி, அதிலுள்ள எண்ணைச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தார். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. தன் பேரேட்டில் தானே திருத்தப் பதிவு போட்டார்.

இருபது வருஷத்துக்கு மேல் பேங்கில் இருக்கிறேன். திருத்தப் பதிவைப் பார்த்து நான் பயந்ததில்லை. தேதி, காரணம், கையெழுத்து இருந்தால் போதும். ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லாமல் பத்து வருஷம் பளபளவென்று இருக்கும் லெட்ஜரைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும். தவிர, இங்கே மாறியது வேகத்தின் அளவு. கடல் கார்பனை வாங்குகிறது என்பது மாறவில்லை.

அதில் எனக்கென்ன அக்கறை? வாங்கிய கார்பன் கடல்நீரை அமிலத்தின் பக்கம் தள்ளுகிறது. சங்கும் முத்துச்சிப்பியும் பவளமும் ஓடு கட்டுவது சிரமமாகிறது. கூடவே சூடு வேறு. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பவளங்கள் வெளுத்துப் போயின. சங்கு குளித்தே பிழைத்த தெருக்கள் உள்ள ஊர் என்னுடையது. எங்களுக்கு இது சும்மா இல்லை.

உலகச் சராசரியை வைத்து அந்த ஊரின் கதையைச் சொல்லிவிட முடியாது என்பதும் உண்மை. மொத்தக் கடல் கார்பனை வாங்குகிறது, ஆனால் அரபிக்கடல் வாங்குவதைவிட அதிகமாக வெளியே விடுகிறது. கிளைக்குக் கிளை கணக்கு வேறு. ஆகவே நம் கடல்களில் நாமே அடிக்கடி அளக்க வேண்டும், அந்த வேலைக்குப் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இங்கே மைசூர் பல்கலைக்கழக இயற்பியல் துறையினர்கூட இந்த ஊர்க் காற்றிலும் நிலத்தடி நீரிலும் ரேடானை அளந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். மானச கங்கோத்ரி வளாகத்தை ஒட்டிய குக்கரஹள்ளி ஏரிக்கரையில் எத்தனையோ காலையில் நடந்திருக்கிறேன். உள்ளே இப்படியொரு கணக்கு ஓடுகிறது என்று இத்தனை நாள் தெரியாது.

அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டில் சந்திப்பு. தூத்துக்குடி மக்ரூன் வந்திருக்கிறது. அந்த நண்பருக்கு முதலில் அதைக் கொடுத்துவிட்டு, பிறகு கணக்கைத் திறக்கலாம் என்றிருக்கிறேன் :-)