மின்மாற்றியின் காலடியில் நிற்பது யார்?

2025 ஆகஸ்ட் 23 அதிகாலையில், சென்னை கண்ணகி நகரில் பணிக்குச் சென்ற ஒரு பெண் தூய்மைப் பணியாளர், மழைநீர் தேங்கிய சாலையில் கால் வைத்தபோது மின்சாரம் தாக்கி உயிரிழந்தார். அதற்குப் பத்து நாள்களுக்கு முன்னர்தான், ரிப்பன் மாளிகை முன்பு பணிப் பாதுகாப்புக் கோரிப் போராடிய தூய்மைப் பணியாளர்களைக் காவல்துறை நள்ளிரவில் அப்புறப்படுத்தியிருந்தது. 2017 நவம்பர் 1 அன்று கொடுங்கையூரில், மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தனர். ஒவ்வொரு முறையும் இரங்கல், நிவாரணம், சில நாள் விசாரணை, பிறகு மௌனம். ஒவ்வொரு முறையும் இதற்குச் சூட்டப்படும் பெயர் 'விபத்து'.

இச்சொல் சரியானதுதானா என்பதை அறிய, மின்சாரம் நம் தெருவுக்கு வந்து சேரும் முறையைச் சற்றே புரிந்துகொள்ள வேண்டும்.

எந்திரத்தைக் காக்கும் உருகி

மின்சாரத்தைத் தொலைதூரம் கொண்டுசெல்லும்போது கம்பி சூடாகி ஆற்றல் வீணாகிறது. இந்த இழப்பு மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் அதே திறனைக் கடத்தப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். இழப்பு நூற்றில் ஒரு பங்காகிவிடும். எனவேதான் மின்நிலையத்தின் வாயிலிலேயே மின்மாற்றி அழுத்தத்தை 230 அல்லது 400 கிலோவோல்ட்டுக்கு உயர்த்துகிறது. நகரை நெருங்கியதும் துணை மின்நிலையங்களில் உள்ள மின்மாற்றிகள் அதனை 110, 33, 11 கிலோவோல்ட் எனப் படிப்படியாகக் குறைக்கின்றன. இறுதியாக, தியாகராய நகர் நடைபாதையிலோ மயிலாப்பூர் தெருமுனையிலோ நிற்கும் மின்மாற்றி 11 கிலோவோல்ட்டை 433 வோல்ட்டாக்குகிறது. அங்கிருந்து புதைவடங்கள் வழியாகத் தெருவோரப் பில்லர் பெட்டிகளுக்கும், அவற்றிலிருந்து 230 வோல்ட்டாக வீடுகளுக்கும் மின்சாரம் செல்கிறது.

ஆபத்து மிகுந்தது உயர் அழுத்தப் பகுதியே என்று நாம் எண்ணுகிறோம். அங்கே வேலிகளும் பழுதை உணர்ந்து நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டிக்கும் கருவிகளும் உள்ளன. கடைசி மின்மாற்றிக்குப் பிந்தைய பகுதியின் நிலை வேறு. 250 கேவிஏ திறனுள்ள மின்மாற்றி ஒன்று தாழ்வழுத்தப் பக்கத்தில் ஏறத்தாழ 330 ஆம்பியர் வரை வழங்கவல்லது. அதன் உருகிகள் அந்த அளவை ஒட்டியே அமைக்கப்படுகின்றன. காப்புறை கிழிந்த ஒரு புதைவடத்திலிருந்து தேங்கிய நீருக்குள் சில ஆம்பியர் கசிந்தால் அந்த உருகி அசையாது. ஆனால் மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்க ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதுமானது.

ஆக, அந்த உருகி காப்பது மின்மாற்றியை. நீரில் நிற்கும் மனிதரை அன்று. வீட்டுக்குள் பொருத்தப்படும் கசிவுத் துண்டிப்பான் அவ்வீட்டுக்குள் நிகழும் கசிவை மட்டுமே உணரும், தெருவைக் காக்காது. தெருவில் நடப்பவரின் உயிர் வடத்தின் காப்புறையையும், பெட்டியின் பூட்டிய கதவையும், முறையான நில இணைப்பையும், வெள்ளமட்டத்துக்கு மேல் அமைந்த பீடத்தையும் நம்பியிருக்கிறது. இவை நான்கும் எவரேனும் தொடர்ந்து வந்து பார்த்துச் செய்ய வேண்டிய பராமரிப்புப் பணிகள். பராமரிப்பு எந்தத் தெருவுக்கு முதலில் வருகிறது என்பது பொறியியல் கேள்வி அன்று.

ஆற்றங்கரையிலிருந்து சதுப்புநிலத்துக்கு

அடையாற்றின் கரைகளிலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் தலைமுறைகளாக வாழ்ந்த மக்களைக் கொண்டு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு உருவாக்கப்படத் தொடங்கியது கண்ணகி நகர். அவர்களில் பெரும்பகுதியினர் பட்டியல் சாதியினர். மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீட்டு வேலை, தூய்மைப் பணி, கட்டடப் பணி செய்துவந்தவர்கள், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிக்கு அனுப்பப்பட்டனர். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகர் இடிக்கப்பட்டபோது ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதன் பின்னரே, மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதியிலேயே மாற்று வீடு வழங்கப்படும் எனச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

வெளியேற்றங்களில் புல்டோசருக்கு முன்னதாக வருவது மின் இணைப்பைத் துண்டிக்கும் ஊழியர் என்பதைக் களத்தில் நின்ற ஒவ்வொருவரும் அறிவர். குடியிருப்பின் இருப்பை மறுக்கும் முதல் அரசாணை மின்கம்பத்தில்தான் நிறைவேற்றப்படுகிறது.

வேலையிடத்திலும் இதே அநீதி தொடர்கிறது. தியாகராய நகரின் வணிகத் தெருக்களில் மின்மாற்றி வேலியையும் பில்லர் பெட்டியையும் சுற்றியே குப்பை கொட்டப்படுகிறது. விடியற்காலையில் ஈரத்தரையில் குனிந்து அதனை அள்ளுபவர் தூய்மைப் பணியாளர். நகரில் அந்தப் பெட்டிகளுக்கு மிக அருகில், மிக அதிக நேரம் நிற்கும் சமூகம் எது என்பதற்குக் கணக்கெடுப்புத் தேவையில்லை.

சட்டம் ஏற்கெனவே சொல்லியிருப்பது

மின்சாரச் சட்டம் 2003இன் 43ஆம் பிரிவு, ஓரிடத்தின் உரிமையாளர் மட்டுமன்றி அங்கு குடியிருப்பவர் விண்ணப்பித்தாலும் ஒரு மாதத்துக்குள் மின்சாரம் வழங்குவதை உரிமதாரரின் கடமையாக்குகிறது. பட்டா இல்லை என்பது மட்டுமே மறுப்புக்குக் காரணமாகிவிட முடியாது. ஆயினும் அதே பிரிவு, மின்தடம் நீட்டிக்கப்பட வேண்டியிருந்தாலோ புதிய துணை மின்நிலையம் தேவைப்பட்டாலோ கூடுதல் கால அவகாசம் தருகிறது. 'மின்மாற்றியில் திறன் இல்லை' என்ற பதில் இந்த இடுக்கில்தான் ஒளிந்துகொள்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புக்குத் திறன் கூட்டப்படும். குடிசைப் பகுதி காத்திருக்கும். காத்திருப்பவர் கொக்கி போட்டால் அவர் குற்றவாளி.

இந்தச் சுழற்சியின் மறுமுனையை உச்ச நீதிமன்றம் 2002இல் மத்தியப் பிரதேச மின்வாரியம் எதிர் ஷைல் குமாரி வழக்கில் எதிர்கொண்டது. 1997இல் ஒரு மழை இரவில், வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிய தொழிலாளி, நீர் தேங்கிய சாலையில் கிடந்த மின்கம்பியால் இறந்தார். எவரோ திருட்டுத்தனமாக மின்சாரம் எடுத்ததே காரணம் என்று வாரியம் வாதிட்டது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஆபத்தான பொருளைக் கையாளும் நிறுவனம், தன் கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் இழப்பீடு வழங்கக் கடமைப்பட்டது. மூன்றாம் நபர்மீது பழிபோட்டுத் தப்ப முடியாது எனத் தீர்ப்பளித்தது. இதுவே கடும் பொறுப்புக் கோட்பாடு. எனவே நிவாரணத் தொகை கருணைக்கொடை அன்று. குடும்பம் சட்டப்படி கோரத்தக்க இழப்பீட்டை அத்தொகை முடித்துவைப்பதும் இல்லை.

161ஆம் பிரிவு இன்னொரு கதவைத் திறக்கிறது. மின்சாரத்தால் உயிரிழப்பு நேர்ந்தால் அறிந்த 24 மணி நேரத்துக்குள் மின் ஆய்வாளருக்கு அறிவிக்க வேண்டும். காரணத்தையும், பாதுகாப்பு விதிகள் கடைப்பிடிக்கப்பட்டனவா என்பதையும் விசாரிக்க அரசு உத்தரவிடலாம். பெரும்பாலான குடும்பங்களின் கையில் முதல் தகவல் அறிக்கையும் உடற்கூறாய்வு அறிக்கையும் மட்டுமே இருக்கும். இழப்பீட்டு வழக்கிலும் குற்ற வழக்கிலும் வலுவான சான்றாகும் ஆய்வாளரின் அறிக்கையைக் கேட்டுப் பெறுவதற்கு எவரும் அவர்களுக்கு வழிகாட்டுவதில்லை.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவதாக, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஒவ்வொரு மீள்குடியேற்றப் பகுதியிலும் ஆற்றோரக் குடியிருப்பிலும் உள்ள மின்மாற்றிகள், பில்லர் பெட்டிகள், புதைவடங்கள் ஆகியவற்றின் தணிக்கை நடத்தப்பட்டு, முடிவுகள் தெருவாரியாக வெளியிடப்பட வேண்டும். இரண்டாவதாக, மின் உயிரிழப்பு குறித்த ஒவ்வொரு ஆய்வு அறிக்கையும் கேட்காமலேயே குடும்பத்திடம் வழங்கப்பட வேண்டும். மூன்றாவதாக, நீர் தேங்கிய இடத்தில் மின் இணைப்புத் துண்டிக்கப்பட்டது உறுதியாகும்வரை தூய்மைப் பணியாளர் இறங்க மறுக்கும் உரிமை, நேரடிப் பணியாளருக்கும் ஒப்பந்தப் பணியாளருக்கும் எழுத்துப்பூர்வமாக உறுதிசெய்யப்பட வேண்டும்.

மாணவத் தோழர்கள் இதற்காக அரசை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாயில் ஒரு மனு போதும். கதவில்லாத பெட்டியின் புகைப்படத்தை இடம், நாள் குறித்து மின்பகிர்மானக் கழகத்துக்குப் விரைவு அஞ்சலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பாதுகாத்து வையுங்கள். நாளை அங்கே ஓர் உயிர் பறிபோனால், அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எவரும் அதனை 'விபத்து' என்று எழுதிவிட முடியாது. அதற்கு முன்பே அந்தக் கதவு பொருத்தப்பட வேண்டும் என்பதே நம் வேண்டுதலும் வேலையும்.