ஒரே போன், ரெண்டு சிப்: ஜூம் பண்ணினா படம் ஏன் மாறுது?

சாம்சங் கேலக்ஸி எஸ்21 அல்ட்ரா 2021-ல் இந்தியாவில் 1,05,999 ரூபாய்க்கு வந்தது. அதே பெயரில், அதே கேமராக்களோடு அமெரிக்காவிலும் விற்பனையானது. உள்ளே இருந்த பிராசஸர் மட்டும் வேறு. அங்கே குவால்காமின் ஸ்னாப்டிராகன் 888, இங்கே சாம்சங்கின் சொந்தத் தயாரிப்பான எக்ஸினோஸ் 2100.

லென்ஸ் ஒண்ணு, சென்சார் ஒண்ணு, அப்புறம் படம் எப்படி மாறும்?

சென்சார் தருவது படமே இல்லை. அதில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒரு நிறத்தின் அளவை மட்டுமே பதிவு செய்யும். மீதி நிறங்களைக் கணக்குப் போட்டு நிரப்புவது, புள்ளிபுள்ளியாகத் தெரியும் இரைச்சலை நீக்குவது, ஒரே கிளிக்கில் எடுத்த பல பிரேம்களை அடுக்கி ஒன்றாக்குவது எல்லாமே பிராசஸரின் வேலை. அதற்கென்றே சிப்புக்குள் ‘ஐஎஸ்பி’ என்று தனிப் பகுதி இருக்கிறது. குவால்காமின் ஐஎஸ்பி வேறு, எக்ஸினோஸின் ஐஎஸ்பி வேறு. அதனால் ஒரே கேமராவுக்கு இரண்டு முறை டியூனிங் செய்ய வேண்டியிருக்கிறது.

பகலில் மெயின் கேமராவில் எடுத்தால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. டெலிபோட்டோவில்தான் சிக்கல். எஸ்21 அல்ட்ராவின் மெயின் லென்ஸ் எஃப் 1.8. அதன் 10 மடங்கு ஜூம் லென்ஸ் எஃப் 4.9. சென்சாரின் அதே பரப்பில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான்! போதாததற்கு, கை லேசா ஆடினாலும் ஜூமில் அது பெரிய ஆட்டமாகத் தெரியும். எது இரைச்சல், எது பட்டுப்புடவையின் இழை என்று பிராசஸர் ஊகிக்கத்தான் வேண்டும். இரைச்சலை அதிகமா துடைச்சா முகம் மெழுகு பொம்மை மாதிரி ஆகிடும். ஷார்ப்னெஸை ஏத்தினா பெயர்ப்பலகை எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும்.

இதை வைத்து ‘ஸ்னாப்டிராகன்னா சூப்பர், எக்ஸினோஸ்னா வேஸ்ட்’ என்று முடிவு கட்டுவதும் சரியில்லை. டியூனிங் மோசமாக இருந்தால் நல்ல சிப்பும் சொதப்பும். வாங்கி ஆறு மாதம் கழித்து வரும் அப்டேட்டில் படம் தேறுவதும் உண்டு.

நம் புகார் வேறு. எஸ்20 காலத்திலேயே, 2020-ல், எக்ஸினோஸ் வேண்டாம் என்று வாடிக்கையாளர்கள் இணையத்தில் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். எஸ்22-ல் இந்தியாவுக்கு ஸ்னாப்டிராகன் கிடைத்தது, ஐரோப்பாவுக்கு எக்ஸினோஸ். எஸ்23-ல் எல்லோருக்கும் ஸ்னாப்டிராகன். எஸ்24-ல் இந்தியாவுக்கு அல்ட்ராவில் மட்டும் ஸ்னாப்டிராகன். 79,999 ரூபாய் கொடுத்து எஸ்24 வாங்கிய இந்தியருக்கு மறுபடியும் எக்ஸினோஸ். எஸ்25 வரிசையில் எல்லா நாட்டுக்கும் ஸ்னாப்டிராகன் 8 எலைட். ஒவ்வொரு வருஷமும் இதைத் தேடிக் கண்டுபிடிப்பது வாங்குபவர் தலையிலேயே விழுகிறது. இரண்டு சிப் போடுவது கம்பெனியின் வியாபார முடிவு, அதில் தப்பில்லை. ஆனால் விளம்பரத்தில் காட்டும் ஜூம் படம் எந்தச் சிப்பில் எடுத்தது என்று படத்துக்குக் கீழேயே ஒரு வரி போடலாமே? யூடியூபில் அமெரிக்க விமர்சகர் எஸ்24-ல் ஜூம் பண்ணிக் காட்டியபோது, அது 2024-ல் நம்ம ஊர்க் கடையில் கிடைத்த போன் இல்லை. இந்தியாவில் வாங்கிச் சோதித்தவர்களின் படங்களைப் பாருங்க. நிலா படத்தை மட்டும் நம்பாதீங்க. அது நிலா என்று கண்டுகொண்டு ஏஐ மூலம் மெருகேற்றுவதை சாம்சங்கே ஒப்புக்கொண்டிருக்கிறது.

கடையில் ஒரு சின்ன சோதனை செய்யலாம். வெளிச்சம் குறைந்த மூலையைப் பார்த்து 3 மடங்கு ஜூம் வைத்து, டெலிபோட்டோ லென்ஸை விரலால் மூடுங்க. திரை இருட்டாகவில்லையா? அப்போ போன் டெலிபோட்டோவைப் பயன்படுத்தவே இல்லை. மெயின் கேமரா படத்தை வெட்டிப் பெரிசாக்கிக் காட்டுது.