நூலை வெட்டுவோர் சேகரிப்பாளரா?

1825 இல் நிறைவெய்திய ஈரிக் கால்வாயின் விழாவையொட்டி, நியூயோர்க் மாநகரசபையின் ஆணைப்படி கட்வாலடர் கோல்டனின் நினைவேடு அச்சிடப்பட்டது. அந்தனி இம்பேட் அதற்கு ஆக்கிய கல்லச்சுப் படங்கள் அமெரிக்கக் கல்லச்சுக் கலையின் தொடக்க முயற்சிகளுட் சேர்வன. இத்தகைய அரிய நூல்களிலிருந்து படங்களையும் வரைபடங்களையும் வெட்டியெடுத்துத் தனித்தனியே விற்பதையும் வாங்குவதையும் ‘சேகரிப்பு’ என்பது நகைப்புக்குரியது.

“ஒரு நூல் ஒருவரிடம் முடங்காது பலருக்கும் படம் கிட்டுகிறதே” என்பர். படம் கிட்டும், சான்று அழியும். அல்பனி முதல் பஃபலோ வரை 363 மைல் நீளமான அக்கால்வாயை 1817 முதல் எட்டாண்டுகள் தோண்டியோர் உள்ளூர்த் தொழிலாளரும் ஐரிஷ் குடியேறிகளுமாவர். விழாவைப் போற்றும் ஏட்டிலே எவர் இடம்பெற்றனர், எவர் மறைக்கப்பட்டனர் என்ற வினாவை, படத்தையும் உரையையும் ஒருங்கே வைத்து நோக்குபவரே எழுப்ப இயலும். சுவரிலே தொங்கும் தனித்தாள் வெறும் அலங்காரமே.

அன்றியும், ஒரு பிரதி சிதைய, எஞ்சிய பிரதிகள் மேலும் அரியனவாகின்றன, விலையும் ஏறுகின்றது. அருமையைப் போற்றுவதாகக் கூறுவோரே அருமையை உற்பத்தி செய்கின்றனர்! அழிவிலே இலாபங் காணும் இரசனை இரசனையாகுமா? நூலை முழுமையாகக் காத்து, வாசகர் கைக்கெட்டும் நூலகத்திற்கு வழங்குபவரே சேகரிப்பாளர். ஏனையோர் வரலாற்றைக் கூறுபோட்டு விற்கும் வணிகரே.