63 செகண்டு

எழுமலைக்காரர்களுக்கு டாக்டர் என்றால் ஒரே அர்த்தம்தான். ஊசி போடுகிறவர்!

எங்கள் தெருத் தம்பி ஒருவன் எம்.பி.பி.எஸ். முடித்து, ஹவுஸ் சர்ஜனாகவும் இருந்துவிட்டு ஊருக்கு வந்தான். வந்தவன் யாருக்கும் ஊசி போடவில்லை. மொட்டை மாடியில் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டான்.

டீக்கடையில் சந்தேகம் கிளம்பியது.

"என்னப்பா, பய இன்னுமா படிக்கிறான்? பாஸாகலையோ?"

பாஸாகிவிட்டான் சாமி! அதற்கு மேல் எம்.டி., எம்.எஸ். படிக்க நீட் பி.ஜி. என்று ஒரு பரீட்சை. காலேஜில் வருஷக்கணக்காகப் படித்த 19 பாடமும் ஒரே நாளில். 200 கேள்வி, மூன்றரை மணி நேரம். நான் பி.காம். இல்லையா... உடனே வகுத்துப் பார்த்தேன். கேள்விக்கு 63 செகண்டு. அதற்குள் எனக்கு டீ மாஸ்டரிடம் 'சீனி கம்மி' என்று சொல்லிப் புரியவைக்கவே முடியாது.

சரியான விடைக்கு 4 மார்க். தப்பு என்றால் மைனஸ் 1.

"ஒண்ணுதானப்பா நஷ்டம்?" என்றேன்.

"இல்லைண்ணே. வரவேண்டிய நாலும் போச்சு, கையில இருந்த ஒண்ணும் போச்சு. மொத்தம் அஞ்சு."

பி.காம். படித்தவனுக்கு டாக்டர் கணக்குச் சொல்லித் தருகிறான். காலம்!

2024 ஜூன் 23 ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. அப்பாவும் மகனும் முதல் நாளே வெளியூர் போய் லாட்ஜில் தங்கினார்கள். ராத்திரி சாப்பிட்டுப் படுக்கும் நேரம், பரீட்சை தள்ளிவைப்பு என்று அறிவிப்பு! எம்.பி.பி.எஸ். நீட்டில் வினாத்தாள் கசிந்ததாக நாடே கொதித்துக்கொண்டிருந்த சமயம் அது. முன்னெச்சரிக்கை என்றார்கள். மறுநாள் எழுமலையில் பஸ்ஸை விட்டு இறங்கிய அப்பா, "மழைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவாய்ங்க. இவிங்க எதுக்கு விட்டாய்ங்கன்னே தெரியலப்பா" என்றார்.

ஆகஸ்ட் 11-ல் எழுதினான். அந்த ரேங்க்குக்கு அவன் ஆசைப்பட்ட ஜெனரல் மெடிசின் எட்டவில்லை. விட்டுவிட்டு மறுபடி மொட்டை மாடி.

அடுத்த பரீட்சை 2025 ஜூன் 15 என்றார்கள். இரண்டு ஷிப்டாக வைத்தால் நியாயமில்லை, ஒரே ஷிப்டில் நடத்துங்கள் என்று மே 30-ல் சுப்ரீம் கோர்ட் சொல்ல, அதுவும் ஆகஸ்ட் 3-க்குப் போனது. இவன் ஜாதகத்தில் ஜூன் மாதமே கிடையாது போல.

இவனோடு படித்த ஒருவன் அமெரிக்காவுக்கு முயற்சி செய்துகொண்டிருந்தான். அங்கே பரீட்சையோடு விஷயம் முடிவதில்லை. 'என்னைப் பற்றி' என்று ஒரு கட்டுரை, பெரிய டாக்டர்களிடம் சிபாரிசுக் கடிதம், அப்புறம் நேர்முகம். ஆஸ்பத்திரிகள் ஒரு லிஸ்ட் கொடுக்கும், டாக்டர்கள் ஒரு லிஸ்ட் கொடுப்பார்கள். கம்ப்யூட்டர் ஜோடி சேர்க்கும். 1952-லிருந்தே இப்படி லிஸ்ட் வைத்து ஜோடி சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. மார்ச் மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை ரிசல்ட். இப்படிப் பொருத்தம் பார்க்கிற கணக்கை ஆராய்ந்த ஷேப்லி, ராத் இருவருக்கும் 2012-ல் பொருளாதார நோபலே கிடைத்தது. நம்ம ஊர்க் கல்யாணத் தரகருக்குக் கமிஷனே ஒழுங்காகக் கிடைப்பதில்லை!

"அதுதானப்பா சரி? ஆளைப் பாத்து, பேசிப் பாத்து எடுக்கிறாய்ங்க. இங்கே வெறும் நம்பர்" என்றேன்.

தம்பி சிரித்தான். "எழுமலைக்காரனுக்கு யாருண்ணே சிபாரிசு லெட்டர் குடுப்பா? எங்கப்பா ஆடு மேய்ச்சவரு. நம்பருக்கு அப்பன் பேரு தெரியாது. அதனாலதான் எனக்கு நம்பரைப் பிடிக்கும்."

வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே, "ஆனா நம்பருக்கு என் கையும் தெரியாதுண்ணே" என்றான்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும். ராத்திரி கீழே கூச்சல். காட்டிலிருந்து வந்த ஆளுக்குக் காலில் பாம்புக்கடி. ஒரு பெரிசு கயிறோடு நிற்கிறார். இன்னொருவர் பிளேடு தேடுகிறார். தம்பி இறங்கி ஓடினான்.

"கட்டாதீங்க, கீறாதீங்க, நடக்க விடாதீங்க!"

காலை அசையாமல் வைத்து, 108-க்குச் சொல்லி, பயத்தில் நடுங்கிய மனுஷனிடம் பேசிக்கொண்டே உசிலம்பட்டி பெரியாஸ்பத்திரி வரைக்கும் கூடவே போனான். விஷமுறிவு மருந்து ஏறி, ஆள் பிழைத்தார்.

விடியற்காலை திரும்பியவனிடம், "எப்படிப்பா சமாளிச்சே?" என்றேன்.

"போன வாரம் மாடல் டெஸ்ட்ல இதே பாம்புக்கடிக் கேள்விண்ணே. அவசரத்துல தப்பா டிக் பண்ணிட்டேன். மைனஸ் ஒண்ணு."

"இப்ப?"

"இப்ப அஞ்சு மணி நேரம் கிடைச்சுதுல்ல!"

ஆகஸ்ட் 3-ல் எழுதினான். அப்புறம் கவுன்சலிங், காத்திருப்பு. கடைசியில் வெளியூர் காலேஜ் ஒன்றில் ஜெனரல் மெடிசின் கிடைத்தேவிட்டது. டீக்கடைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். எல்லோருக்கும் என் செலவில் டீ.

"சந்தோஷம்ப்பா. டாக்டர் தம்பி இனி நம்ம ஊர்ல ஊசி போடுவாப்லல்ல?"

'பய' போய் 'டாக்டர் தம்பி' ஆகிவிட்டான். கவனித்தேன்.

"இல்லைங்க. இன்னும் மூணு வருஷம் படிக்கணும்."

பெரிசு டம்ளரைக் கீழே வைத்தார்.

"மறுபடியுமா? அப்ப பய நெசமாவே பாஸாகலை!"