நோய் மீனுக்கு ஒரு தனித் தொட்டி



அண்மையில் புளியங்கூடலில் சுயதொழில் பற்றிப் பேசக் கூடியிருந்தோம். இலட்சத்தீவின் அகத்தித் தீவில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து கடல் அலங்கார இறால்களை வளர்ப்பதையும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீன்களைப் பொரிக்க வைத்ததையும் சொன்னேன். பலர் ஆர்வப்பட்டார்கள். செலவுக் கணக்கில் இரண்டாவது தொட்டியைக் கண்டதும் ஓர் அம்மா கேட்டார்: "மீனுக்கும் ஆசுப்பத்திரியோ பிள்ளை? அந்தக் காசுக்கு இன்னும் பத்து மீன் வாங்கலாமெல்லோ?"

பதிலைப் பக்கத்திலிருந்த சகோதரியே சொன்னார்: "தூங்கின கோழியை கூட்டிலேயே விட்டன். கிழமைக்குள்ள பதினொண்டும் போச்சு."

தொட்டி மீனும் அப்படித்தான். உப்புத் தூவியதுபோல உடலில் வெண்புள்ளி, கல்லில் உரசுதல், வேகமாக மூச்சு வாங்குதல், தீன் எடுக்காமை ஆகியவை வெண்புள்ளி நோயின் அடையாளங்கள். இது ஓர் ஒட்டுண்ணியால் வருவது. இதற்குக் கொடுக்கும் செப்பு மருந்து இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும். மணலும் பவளக் கல்லும் மருந்தை உறிஞ்சிவிடும். ஆகவேதான் வெறும் கண்ணாடித் தொட்டி ஒன்று தனியாக வேண்டும். மீன் ஒளிய ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டும் காற்றுப் பம்பியும் போதும். உப்பின் அளவும் வெப்பமும் பழைய தொட்டியைப் போலவே இருக்க வேண்டும். வலை, வாளி எல்லாம் வேறாக வைத்திருங்கள்.

பொதுவாக லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை செப்பு, 2 முதல் 3 கிழமைகள் வரை குறையாமல் நிற்க வேண்டும். சில மருந்துகளுக்கு அளவு வேறு. போத்தலில் உள்ளபடி செய்யுங்கள். கண்மதிப்பில் ஊற்றாமல் சோதனைப் பெட்டியால் தினமும் அளவுங்கள். மிஞ்சிய தீனை உடனே அகற்றி, நீரை அடிக்கடி மாற்றுங்கள். இல்லாவிட்டால் கழிவில் உண்டாகும் அமோனியாவே மீனைக் கொன்றுவிடும். மாற்றிய நீருக்கும் மருந்து சேர்க்க மறவாதீர்கள்.

புள்ளி மறைந்ததும் நோய் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். ஒட்டுண்ணி மீனை விட்டு விழுந்து, அடியில் கூடு கட்டிப் பெருகி, மீண்டும் மீனைத் தேடி வரும். புள்ளி தெரியாத மீனின் பூவிலும் அது இருக்கலாம். ஆகையால் எல்லா மீன்களையும் தனித் தொட்டிக்கு மாற்றி, பழைய தொட்டியை 6 கிழமைகளுக்குக் குறையாமல் மீனின்றி விடுங்கள். ஒட்டுண்ணி மீனில்லாமல் அழியும். புதிதாக வாங்கும் மீனையும் முதல் 30 நாள் தனித் தொட்டியிலேயே வைத்துப் பாருங்கள்.

சகோதரிகளே, மீன் செத்தாலும் கடன் சாவதில்லை. தவணை வந்துகொண்டே இருக்கும். கடனுதவிக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டு தொட்டி என்றே எழுதுங்கள். ஒன்றை வெட்டச் சொன்னால், அந்தக் கோழிக் கூட்டின் கதையைச் சொல்லுங்கள். அப்போதும் ஒரு தொட்டிக்குத்தான் பணம் என்றால், அந்தத் தொழிலை அவசரப்பட்டுத் தொடங்க வேண்டாம்.