நற்சான்றிதழ் தந்த மருத்துவமனை

தில்லி திப்பியா கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் சர்ப்பகந்தா வேரிலிருந்து 1931-ல் ஒரு வேதிப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அக் கல்லூரியை நிறுவிய யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அதற்கு அஜ்மலின் என்று பெயரிட்டார் விஞ்ஞானி சலீமுஸ்ஸமான் சித்திக்கி. தாறுமாறான இதயத் துடிப்பைச் சீராக்க உதவும் அந்த மருந்து, ஜெர்மனியில் ஒரு செவிலியரின் கையில் கொலைக் கருவியாக மாறியது.

நீல்ஸ் ஹோகல் என்ற அந்த ஆண் செவிலியர், 2000 முதல் 2005 வரை ஓல்டன்பர்க், டெல்மன்ஹார்ஸ்ட் ஆகிய இரு நகரங்களின் மருத்துவமனைகளில் 85 நோயாளிகளைக் கொன்றதாக 2019 ஜூனில் நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஆயுள் தண்டனை விதித்தது. பலியானவர்கள் 34 வயது முதல் 96 வயது வரையிலானவர்கள். தேவையற்ற மருந்தை ஊசி மூலம் செலுத்தி இதயத்தை நிலைகுலையச் செய்வதும், பிறகு உயிர்ப்பிக்க முயன்று தனது திறமையை உடன் பணிபுரிவோருக்குக் காட்டுவதும் அவரது வழக்கம்.

ஒரு தனி மனிதனின் வக்கிரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அவரது பணி நேரத்தில் மரணங்களும் உயிர்ப்பிக்கும் முயற்சிகளும் மிகுந்திருப்பதை ஓல்டன்பர்க் மருத்துவமனை 2001-லேயே பட்டியலிட்டுப் பார்த்தது. ஆனால் காவல் துறைக்குத் தகவல் போகவில்லை. 2002-ல் அவர் பாராட்டு மொழிகள் நிறைந்த நற்சான்றிதழுடன் வெளியே அனுப்பப்பட்டார். அந்தக் காகிதத்தை நம்பி டெல்மன்ஹார்ஸ்ட் மருத்துவமனை அவருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை கொடுத்தது. அங்கு அஜ்மலின் மருந்தின் செலவு பல மடங்கு உயர்ந்தது. ஏன் என்று எவரும் கேட்கவில்லை.

2005 ஜூன் 22-ல் உடன் பணிபுரிந்த செவிலியர் ஒருவரிடம் ஹோகல் பிடிபட்டார். அதன் பிறகும் அவர் உடனே வெளியேற்றப்படவில்லை. இரண்டு நாள் கழித்து மேலும் ஒரு நோயாளியைக் கொன்றார்.

2008-ல் அவருக்குக் கிடைத்தது, கொலை முயற்சிக்காக ஏழரை ஆண்டுச் சிறை மட்டுமே. தாயின் மரணத்தில் ஐயம் கொண்ட ஒரு பெண்ணின் விடாமுயற்சியால்தான் வழக்கு மீண்டும் உயிர் பெற்றது. நூற்றுக்கும் மேற்பட்ட உடல்கள் கல்லறைகளிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டன. தெரிந்திருந்தும் தடுக்கவில்லை என்று குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் மேலதிகாரிகளும் சக ஊழியர்களுமாகிய எழுவர் 2022-ல் விடுதலை செய்யப்பட்டனர். சட்டத்தின் பார்வையில் அவர்கள் குற்றவாளிகள் அல்லர். ஆனால் நோயாளிகளைக் காக்க வேண்டிய ஏற்பாடு தோற்றுப்போனது என்பதை மறுப்பதற்கில்லை.

ஐயம் மட்டுமே குற்றத்துக்குச் சான்றாகிவிடாது என்ற வாதம் நியாயமானதே. நெதர்லாந்தில் லூசியா டி பெர்க் என்ற செவிலியர், அவரது பணி நேரத்தில் மரணங்கள் அதிகம் என்ற கணக்குக்குப் பெரும் முக்கியத்துவம் தரப்பட்ட வழக்கில் 2003-ல் ஆயுள் தண்டனை பெற்றார். அவர் குற்றமற்றவர் என்று 2010-ல் தீர்ப்பாயிற்று. எனவே பட்டியலைப் பார்த்துத் தண்டிப்பதும் தவறு. பட்டியலைப் பூட்டி வைப்பதும் தவறு. சுதந்திரமான விசாரணைக்கு உடனே ஒப்படைப்பதே முறை. அது குற்றமற்ற ஊழியருக்கும் பாதுகாப்பு.

அமெரிக்கா இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. சார்லஸ் கல்லன் என்ற செவிலியர் 2003-ல் கைதாகும்வரை மருத்துவமனை மாற்றி மருத்துவமனையாக வேலை பார்த்தார். 29 கொலைகளை ஒப்புக்கொண்டார். அதன் பிறகு நியூஜெர்சி மாநிலம் 2005-ல் ஒரு சட்டம் இயற்றியது. நோயாளிக்கு ஆபத்தான ஊழியரைப் பற்றி அரசுக்குத் தெரிவிப்பதும், வேறு மருத்துவமனை விசாரித்தால் உண்மையைச் சொல்வதும் கட்டாயமாயின. நல்லெண்ணத்துடன் தகவல் தருவோருக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது.

இந்தியா இதிலிருந்து கற்க வேண்டியது உண்டு. 2023-ல் நிறைவேறிய தேசிய செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் தேசியப் பதிவேட்டுக்கு வழி செய்கிறது. அது பட்டமும் பதிவு எண்ணும் கொண்ட ஏடாக மட்டும் நின்றுவிடக் கூடாது. முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைக் காக்க 2014-ல் இயற்றப்பட்ட சட்டமோ பொது ஊழியர்கள் மீதான புகார்களுக்கே உரியது. தனியார் மருத்துவமனையில் சக ஊழியரைப் பற்றி ஐயம் எழுப்பும் ஒரு செவிலியருக்கு அதில் புகலிடம் இல்லை.

ஹோகலைப் பிடித்தவரும் ஒரு செவிலியரே என்பதை மறந்துவிடலாகாது. இரவெல்லாம் கண்விழித்து நோயாளிகளைக் காக்கும் லட்சக்கணக்கான செவிலியர்கள் மீது ஐயம் கொள்வதல்ல இதன் பாடம். அவர்களில் ஒருவர் துணிந்து வாய் திறந்தால், அதைக் கேட்க நிர்வாகம் கடமைப்பட்டிருக்க வேண்டும். மருத்துவமனையின் நற்பெயரைக் காப்பதற்காக எழுதப்படும் பொய்ச் சான்றிதழுக்கு விலை கொடுப்பவர், அடுத்த ஊரில் படுக்கையில் கிடக்கும் நோயாளிதான்.