வேலைத்தளத்து வாசலிலிருந்து: பெல்ற்றில் ஏறிய கல்

சென்ற இதழில் மழைக்காலத்துப் பிறேக் பற்றி எழுதியிருந்தோம். இம்முறை எங்கள் சொந்தக் கதையையே எழுத வேண்டியதாகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை. பார்க் றோயலில் இரவு வேலையை முடித்துக்கொண்டு, ஹாங்கர் லேன் சுற்றுவட்டம் தாண்டி, வெஸ்ரேர்ண் அவெனியூவால் வந்துகொண்டிருந்தோம். பெரிவேலை அண்டியபோது பின்பக்கத்தில் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். வேகம் குறைய அதுவும் குறைந்தது. கிளச்சைப் பிடித்துப் பார்த்தோம், அப்போதும் நிற்கவில்லை. அப்படியானால் எஞ்சினில் பிழையில்லை, சில்லோடு சேர்ந்து ஓடும் ஏதோ ஒன்றில்தான் பிழை. ஆகைல் றோட்டால் திரும்பி, வெஸ்ட் ஈலிங்கில் வீட்டு வாசலுக்கு மெதுமெதுவாக வந்து சேர்ந்தோம்.

எங்களுடையது ஹார்லி டேவிட்சன் ஸ்போர்ட்ஸ்ரர் 883. இரண்டாம் கை. சீட்டுக் காசில் வாங்கியது. "பக்டரிக்காரனுக்கு ஹார்லி கேக்குதோ?" என்று கேட்காத ஆளில்லை. எலிசபெத் லைன் 2022இல் வந்தது உண்மைதான், ஆனால் அது இரவு முழுவதும் ஓடுவதில்லை. இரவு வேலைக்காரனுக்குச் சொந்தச் சில்லுத்தான் கால்.

இந்த மோட்டார் சைக்கிளில் பின்சில்லைச் சுற்றுவது செயின் அல்ல, பல்லுப் பல்லாக இருக்கும் ஒரு பெல்ற். ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு பின்சில்லைக் கையால் உருட்டி, அந்தப் பெல்ற்றை அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். இரண்டு காயம் இருந்தது. ஒன்று நடுவில், சுண்டுவிரல் நகமளவு ஓட்டை. வெளிச்சத்தைப் பின்னால் பிடித்தால் அதற்குள்ளால் வெளிச்சம் தெரிந்தது. மற்றது ஓரத்தில், ஒரு அரிசி மணியளவு வெட்டு. அதில் மஞ்சள் நூல் இரண்டு மூன்று பிரிந்து நின்றது. ஓட்டைக்கு நேரே பின் பற்சில்லின் பல்லில் ஒரு கீறலும் இருந்தது. கல் அதற்குள்தான் நெரிபட்டிருக்கிறது. எந்தத் தெருவில் ஏறியது என்று யாருக்குத் தெரியும்!

அடுத்த நாள் சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நோர்தோல்ற் பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போவது எங்கள் வழக்கம். பிள்ளைக்குப் பதினொரு வயது. அதே வெஸ்ரேர்ண் அவெனியூவால்தான் போகவேண்டும்.

அன்று பின்னேரம் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் எங்களோடு வேலைசெய்யும் தம்பி. "அண்ணை, இந்தப் பெரிய ஓட்டைதான் பயம். ஓரத்தில கிடக்கிறது சின்னக் கீறல், அது ஒண்டும் செய்யாது" என்றார். மற்றவர் ஊரில் அரிசி மில் வைத்திருந்தவர், எல்லோருக்கும் மில்லுக்கார அண்ணை. "பெல்ற் அறுந்தா என்னடா? வெட்டிப்போட்டுத் தைச்சு விடு. எங்கட மில்லு பெல்ற்றை எத்தினை தரம் தைச்சு ஓட்டினனான்" என்றார்.

இரண்டு பேருமே பிழை. முந்திய வருடமென்றால் நாங்களும் அந்தத் தம்பி சொன்னதையே சொல்லியிருப்போம்.

மில்லு பெல்ற் தட்டையானது, தோலாலோ கன்வஸாலோ செய்தது, உராய்வினால் இழுப்பது. அதைத் தைக்கலாம். எங்களுடையதின் கதை வேறு. வெளியே றப்பர் மாதிரித் தெரிவது வெறும் சட்டை. இழுக்கிற வேலை முழுவதையும் உள்ளே இருக்கும் நூல்தான் செய்கிறது. அது அரமிட் நூல், கெவ்லார் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும், துப்பாக்கிக் குண்டு தாங்கும் அங்கி செய்கிற அதே சாமான். 1965இல் அமெரிக்காவில் டியூபொன்ற் நிறுவனத்தில் ஸ்ரெபனி குவோலெக் என்ற பெண் விஞ்ஞானி கண்டுபிடித்தது. புதிய பெல்ற்றுகள் சிலவற்றில் காபன் நூல் போடுகிறார்கள். அந்த நூலைத் தொடக்கம் முடிவு தெரியாமல் சுற்றிச் சுற்றி வைத்துத்தான் பெல்ற்றை வார்க்கிறார்கள். அறுத்தால் திரும்ப ஒட்டாது. வழியில் நின்றுவிட்டால் வீடு வந்து சேர, ஊசியால் கோத்துப் போடும் அவசரப் பெல்ற் விற்கிறார்கள். அது வீடு வரைக்கும்தான்.

பெல்ற் புதுச் சாமானும் அல்ல. நூறு வருடத்துக்கு முந்திய மோட்டார் சைக்கிள்களில் தோல் வார்தான் இருந்தது. முதலாம் உலக யுத்தத்தில் செய்தி கொண்டு ஓடிய பிரித்தானிய வீரர்களின் 1915ஆம் ஆண்டு ட்ரையம்ப் 'எச்' மொடலிலும் பின்சில்லைச் சுற்றியது வார்தான். மழையில் வழுக்கும், இழுபட்டு நீளும். பிறகு செயின் வந்து அதைத் துரத்திவிட்டது. 1980இல் ஹார்லிக்காரர் ஸ்ரேர்ஜிஸ் என்ற மொடலில் பல்லு வைத்த பெல்ற்றைப் போட்டார்கள். 2006இல் பி.எம்.டபிள்யூ கூட எப் 800 இல் பெல்ற் போட்டது. எண்ணெய் வேண்டாம், சத்தம் இல்லை, காற்சட்டையில் கறை படாது. ஆகாத விருந்தாளி ஒன்றே ஒன்றுதான், அது கல்.

வன்னியில் நாங்கள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அப்பாவிடம் ஒரு ஹொண்டா எம்.டி. 90 இருந்தது. 2002 போர்நிறுத்த ஒப்பந்தத்துக்கு முந்தி, பொருளாதாரத் தடைக்காலம். மண்ணெண்ணெயில் ஓடும். செயினுக்குள் கிரவல் கல் ஏறினால் 'டக்' என்று ஒரு சத்தம், கல் தூளாகும், இல்லாவிட்டால் செயின் கழரும். அப்பா இறங்கிக் கையால் தூக்கி மாட்டிவிட்டு ஏறுவார். சட்டைப் பையில் செயின் லொக் ஒன்று எப்போதும் கிடக்கும். செயின் இரும்பு, கல்லைக் கடிக்கும். பெல்ற்றால் கடிக்க முடியாது. பல்லுக்கும் பற்சில்லுக்கும் நடுவில் கல் அகப்பட்டால் போவதற்கு இடமில்லாமல் பெல்ற்றையே துளைத்துக்கொண்டு வெளியே போகிறது.

கல் எப்படி அதற்குள் போகிறது? சில்லு முன்னோக்கி உருளும்போது பெல்ற்றின் மேல்வரிசை முன்னுக்கு வரும், கீழ்வரிசை பின்னுக்குப் போகும். கீழ்வரிசையின் உள்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு சுளகு மாதிரிக் கிடக்கிறது. ரயர் எறியும் கல் அதில் விழுந்தால், அப்படியே ஏந்திக்கொண்டு போய்ப் பின் பற்சில்லுக்குள் கொடுத்துவிடும். அந்த வாயைக் காக்கத்தான் கீழே ஒரு சின்னக் கவசம் பூட்டியிருப்பார்கள். பழைய வண்டி வாங்கும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள். வடிவுக்காகக் கழற்றி எறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

இனி அந்த இரண்டு காயத்துக்கு வருவோம். ஹார்லியின் சேர்விஸ் புத்தகத்தில் பெல்ற் தேய்மானத்துக்கு ஒரு அட்டவணை உண்டு. பல்லின் உள்ளே மயிரளவு வெடிப்பு என்றால் ஓட்டலாம், கவனித்துக்கொள். பல்லு வெளியே வெடித்திருந்தால் மாற்று. பல்லு விழுந்திருந்தால் மாற்று. கற்காயத்துக்கு எழுதியிருப்பது, ஓரத்தில் இருந்தால் மாற்று என்பது.

ஏன் ஓரம்? நடுவில் ஓட்டை விழுந்தால் அறுந்த நூல்களின் பாரத்தை இரண்டு பக்கத்து நூல்களும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஓரத்து வெட்டுக்கு ஒரு பக்கம்தான் துணை, மறுபக்கம் வெறும் வெளி. ஒவ்வொரு சுற்றிலும் பெல்ற் பற்சில்லில் வளைந்து நிமிரும்போது அந்த வெட்டு வாய் திறக்கிறது, ஒவ்வொரு நூலாக உள்ளே நகர்கிறது. சாரத்தின் கரையில் சின்னக் கிழிசல் விழுந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆக, தம்பி பயந்த பெரிய ஓட்டை கவனித்துக்கொண்டு ஓடக்கூடியது. அவர் தள்ளிவிட்ட அரிசி மணியளவு வெட்டுத்தான் ஆளை விழுத்தக்கூடியது. நடுவில் ஓட்டை விழுந்தவர்களும் இதை வாசித்துவிட்டுச் சும்மா இருந்துவிட வேண்டாம். உங்கள் வண்டிக்குரிய புத்தகத்தைப் பாருங்கள், கிழமைக்கு ஒருதரம் ஓட்டை நீள்கிறதா என்று பாருங்கள்.

பெல்ற் அறுந்தால் எஞ்சின் அலறும், சில்லுக்கு இழுவை போய்விடும். தெருவோரத்தில் என்றால் தள்ளிக்கொண்டு வரலாம். வெஸ்ரேர்ண் அவெனியூவில், பின்னால் லொறி வரும்போது, பின் ஆசனத்தில் பிள்ளை இருக்கும்போது என்றால்? வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. சாவியை எடுத்துச் சாமித்தட்டில் வைத்துவிட்டார். சனிக்கிழமை பஸ்சில் போனோம், அரைமணி பிந்தித்தான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தோம்.

பிறகு காசுக் கதை. பெல்ற்றின் விலையும் கழற்றிப் பூட்டும் கூலியும் சேர்த்து எங்களுக்கு ஒரு கிழமைச் சம்பளத்துக்குக் கிட்ட வந்தது. பெரிய எஞ்சின் ஹார்லி என்றால் இடது பக்கத்து பிறைமரிப் பெட்டியையும் பின் கவரையும் கழற்றவேண்டும், கூலி இன்னும் ஏறும். அந்த மாதச் சீட்டுக்காசைக் கட்ட மில்லுக்கார அண்ணையிடம் கைமாற்று வாங்கினோம். தைக்கச் சொன்ன மனிதர்தான், ஆனால் காசு கேட்டபோது ஏன் எதற்கென்று கேட்கவில்லை. இரண்டு கிழமை பஸ்சிலும் நடையிலும் போனது. காலில் கொப்புளம்.

கராஜில் மெக்கானிக் ஒரு நல்ல காரியம் செய்தார். கல் பட்ட பற்சில்லில் விரலை ஓட்டிப் பார்த்து, கூராக எழும்பி நின்ற முனையை அராவி மழுக்கினார். அதை விட்டிருந்தால் புதுப் பெல்ற்றையும் அது வெட்டியிருக்கும். புதுப் பெல்ற்றை முறுக்கி மடித்துக் கொண்டுவர வேண்டாம் என்றும் சொன்னார். அரமிட் நூல் இழுவைக்கு இரும்பைப்போல நிற்கும், சடாரென்று மடித்தால் உள்ளே முறிந்துபோகும், வெளியே ஒன்றும் தெரியாது. எண்ணெய் பூசவும் கூடாது. மண்ணும் பரல்கல்லும் எண்ணெயில்தான் ஒட்டும். மெல்லிய சவர்க்காரத் தண்ணீர் போதும். இழுவிசையையும் புத்தகம் சொல்கிற அளவுக்கே வைக்கவேண்டும். 'இறுக்கமா இருந்தா நல்லம்தானே' என்று இறுக்கினால், கல் அகப்படும்போது பெல்ற் விட்டுக்கொடுக்க இடமிராது.

எம்.ஓ.ரி. பரிசோதனையில் பெல்ற்றையும் பார்ப்பார்கள் என்று சிலர் நம்பியிருக்கிறார்கள். பார்ப்பார்கள், வருடத்தில் ஒரு நாள். கல் 365 நாளும் கிடக்கிறது. கோடையில் தெருவுக்குத் தார் ஊற்றிச் சல்லிக்கல் தூவி, இருபது மைல் என்று பலகை வைத்திருப்பார்கள். அந்தப் பலகை எங்களைப் போன்றவர்களுக்குத்தான். சல்லி ஏற்றிய லொறிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். ஓகஸ்டில் எங்கள் வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோவில் தேர் வரும் தெருவெல்லாம் தேங்காய் உடைப்போம். தொண்டர்கள் கூட்டித்தான் விடுகிறார்கள், ஆனாலும் சிரட்டைத் துண்டுக்கும் பெல்ற்றுக்கும் ஆகாது. அன்றைக்கு நாங்கள் மோட்டார் சைக்கிளை எடுப்பதில்லை, தேரோடு நடக்கிறோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் சில்லை உருட்டுகிறாள், நாங்கள் ரோச் லைற் பிடிக்கிறோம். ஓரத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

பழைய பெல்ற்றை மில்லுக்கார அண்ணை கேட்டு வாங்கிக்கொண்டு போனார், தோட்டத்தில் தக்காளிக் கன்று கட்டத் துண்டு போடவாம். அடுத்த நாளே தொலைபேசி எடுத்தார். "தம்பி, கத்தி மழுங்கிப்போச்சு. உன்ர பெல்ற் இன்னும் அப்பிடியே கிடக்கு."

அடுத்த இதழில் குளிர்காலத்துப் பற்றரி பற்றி எழுதுவோம்.